கியர் இருக்கிற பக்கம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

செருப்புக் கடைக்காரன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, என் மோட்டார் சைக்கிள் ஆகிய மூவரில் இருவர் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் பெண்ணும், கீழே ஷோரூமில் வரிசையாக நிற்கிற புது வண்டிகள் அத்தனையும் ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நிற்க. போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்த அடையாளம்கூடக் காணோம். நேரில் வந்தால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தே என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று ஒரு புது வண்டிக்குப் பின்னால் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறீர்கள். புது வண்டி டயரில் காற்று எங்கே போகும், சம்பந்தி? வேறு வழியில்லாமல்தான் பேனாவை எடுத்தேன். நாளைக்கு என் மனைவி உங்கள் வீட்டுக்கு வருகிறாள். சண்டை நம் இருவருக்கும்தானே, பெண்கள் போக்குவரத்து ஒரு நாளும் நிற்கவில்லை. அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டு முன்னறையில் வழக்கம்போல் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நான் சிவப்புக் காயைக் குறி வைத்திருந்தேன். பவுடர் தீர்ந்துவிட்டது. "நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் எடுக்கறேன்" என்று நீங்களே எழுந்து அலமாரியைத் திறந்தீர்கள். பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் என்ன என்று எட்டிப் பார்த்தீர்கள். மோட்டார் சைக்கிளின் ஃபுட்ரெஸ்ட். பெட்டிமேல் ஆன்லைன் கடையின் முத்திரை. "நீங்களுமா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆன்லைன்காரன் சரக்கு புழங்கற வீட்டுப் படியை இனிமே மிதிக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். காப்பியில் ஆடை கட்டிப்போய், அதை நான்தான் குடித்தேன். அது கிடக்கட்டும். கேரம் பலகையை அன்றிலிருந்து யாரும் தொடவில்லை. சிவப்புக் காய் வலது மூலைப் பையின் வாயில் அப்படியே நிற்கிறது. (வலது என்று நான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.) வீடு கூட்டுகிறவளிடம், "பலகை அசைஞ்சா உன் வேலையும் அசையும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களைத் தவிர எனக்கு ஆடத் துணை கிடையாது, சம்பந்தி. மற்றவர்கள் நான் பெரியவன் என்று விட்டுக்கொடுத்துத் தோற்கிறார்கள். கூசாமல் என் காயைத் தள்ளிவிடுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகவே நடந்ததை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் ஏன் உங்கள் டீலர்ஷிப்பை விட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கினேன் என்பது புரிந்தால், நீங்கள் என்னைத் திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டுவீர்கள்.

என் வண்டியை உங்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்துச் செருப்பு விற்ற காலத்தில் வாங்கியது. இரண்டு பக்கமும் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, நடுவில் நான் மூன்றாவது மூட்டையாக உட்கார்ந்து சந்தை சந்தையாகப் போயிருக்கிறேன். கடை வந்தது, கடைக்குக் கண்ணாடி வந்தது, கண்ணாடிக்கு உள்ளே குளிர்ச்சி வந்தது, பெரியவர் மட்டும் மாறவில்லை. அவர் பாட்டுக்குக் கடை வாசலில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சரக்கு இறக்க வந்த டெம்போக்காரர், "வரலாமா, வரலாமா" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். "வாங்க வாங்க" என்று சொன்னது நான்தான். வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சொன்னேன், சம்பந்தி! வாசலில் ஒரு குடும்பம் தயங்கி நின்றது, அவர்களைக் கூப்பிட்டேன். டெம்போக்காரர் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிட்டார். பெரியவர் படுத்துவிட்டார். தூக்கி நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்ட் முறிந்து கையோடு வருகிறது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். அந்தக் குடும்பமும் ஒன்றும் வாங்கவில்லை.

ஃபுட்ரெஸ்ட் என்ன பெரிய பாகமா என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது. ஒரு காலை வைக்க இடமில்லை. நீட்டிக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வருகிறவர்கள் நான் அந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து நிதானித்து வழி விடுகிறார்கள். நான் திரும்பாமல் நேரே போகிறேன். என்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் என் குடும்பத்தை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தியே கேட்டார்: "ஏங்க, காலைக் காயப் போட்டிருக்கீங்களா?" செருப்பு வியாபாரி கால் வைக்க இடமில்லாமல் திரிகிறான் என்று பஜாரில் பேச்சாகிவிட்டது.

நான் முதலில் வந்தது உங்கள் கடைக்குத்தான். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே என்ன குளிர்ச்சி, என்ன சுத்தம்! வாசலில் நிற்கிற பெண் சிரித்த முகமாக, "வாங்க சார், என்ன வண்டி பாக்கறீங்க?" என்றாள். "வண்டி இருக்கும்மா, கால்தான் இல்லை" என்றேன். அவள் என் காலைப் பார்த்துப் பதறி, நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பிறகு விளக்கிச் சொல்லி, பின்னால் பார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே இருக்கிறவர் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் லிஸ்ட்லயே இல்லையே சார், நம்பரைச் சொல்லுங்க, மேல கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் தாங்கள் வந்துவிட்டீர்கள். "என்ன சம்பந்தி இது! நம்ம கடையில நீங்க கவுன்ட்டர்ல நிக்கறதாவது! உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உங்கள் அறைக்கு இழுத்துப் போய்விட்டீர்கள்.

அந்த அறையில் எனக்குக் கிடைத்த மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. நீங்கள் குடும்ப நலம் சொன்னீர்கள். பையன் திருந்திவிட்டான், விடிந்ததும் விடியாததுமாய்ப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஜிம்முக்கு ஓடுகிறான், ஆனால் ஏனோ தொப்பை மட்டும் கரையவில்லை என்றீர்கள். மருமகள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை, மாடியில் வீட்டை ஒட்டி இருக்கிற ஸ்டோர் ரூமில் குப்பையாகக் கிடந்த பழைய பாகங்களை எல்லாம் தூசி தட்டி அடுக்கிக்கொண்டே இருக்கிறாள் என்றீர்கள். என் பெண்ணை நீங்கள் பாராட்டியதில் எனக்கு டீ இன்னும் கொஞ்சம் இனித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, ஒரு அதிசயம் கேளுங்க. வருஷக்கணக்கா விக்காம கிடந்த பழைய மாடல் பார்ட்ஸ் எல்லாம் இப்ப தானா காலியாவுது! ஆன்லைன் வந்து நம்மளை முழுங்கிடும்னாங்களே, என்ன ஆச்சு? ஜனங்க கடையைத் தேடித்தான் வர்றாங்க!" என்று மேஜையைத் தட்டினீர்கள். நானும் ஒரு தட்டு தட்டினேன். கிளம்பும்போது காலண்டர் கொடுத்தீர்கள், சாவிக் கொத்து கொடுத்தீர்கள், புது வண்டி ஒன்றின் படம் போட்ட பேப்பர் கொடுத்தீர்கள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினீர்கள். நான் காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மறுபடியும் வந்தேன். மறுபடியும் டீ. இந்தத் தடவை டைரி. இன்னொரு தடவை வந்தேன். தொப்பி. உங்கள் கடையில் எனக்குக் கிடைக்காதது ஒன்று உண்டென்றால் அது ஃபுட்ரெஸ்ட் மட்டும்தான். இத்தனை உபசாரத்துக்கு நடுவில், "அந்த ஃபுட்ரெஸ்ட் என்ன ஆச்சு?" என்று ஒரு சம்பந்தி எப்படிக் கேட்பான்? கேட்டாலும் என்ன ஆகும்? நீங்கள் காசு வாங்க மாட்டீர்கள். அது உங்களுக்கு நஷ்டம். பிடிவாதமாகக் கொடுத்தால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். அது எனக்கு நஷ்டம். உறவுக்காரன் கடையில் சாமான் வாங்குவது கஷ்டமான காரியம், சம்பந்தி. உங்களுக்கே தெரியும். எங்கள் கடையில் ஷூ எடுக்க வந்தீர்களே, நான் உங்களைக் காசு கொடுக்க விட்டேனா? அப்புறம் நீங்கள் வந்தீர்களா? உங்கள் காலில் இப்போது இருக்கிற ஷூ எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். தையலைப் பார்த்தாலே தெரியும். நான் கேட்டேனா? கேட்கவில்லை. அது மரியாதை. நானும் அதே மரியாதைக்காகத்தான் ஆன்லைனுக்குப் போனேன்.

இதில் என் மனைவிதான் எனக்கு வழிகாட்டி. நான் எதையும் சொல்வதற்கு முன்னாலேயே, "எனக்கு ஒரு கடை தெரியும், பழைய மாடல் பார்ட்ஸ் மட்டும் விக்கற கடை" என்று போனில் காட்டினாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாம் தெரியும்" என்றாள்.

சம்பந்தி, இனி எழுதப் போவது உங்களுக்குக் கசக்கும். ஆனால் நானும் வியாபாரி, நீங்களும் வியாபாரி. நல்ல சரக்கைப் பார்த்தால் எதிரி சரக்கானாலும் நல்ல சரக்கு என்று சொல்ல வேண்டும். அந்தக் கடையை நடத்துகிறவன் யாரோ, அவன் பிறவி வியாபாரி! எடுத்ததும் ஃபுட்ரெஸ்ட் படம். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, துரு பிடிக்கிற இடம் இது என்று அம்பு போட்டு ஒன்று. கெட்ட இடத்தைத் தானே படம் எடுத்துப் போடுகிற கடைக்காரனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "இது பழைய மாடலுக்கு மட்டும். புது மாடலில் மாட்டினால் ஆடும். தயவுசெய்து வாங்காதீர்கள்." வாங்காதீர்கள்! சரக்குக்குப் பக்கத்திலேயே வாங்காதே என்று எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! படித்த உடனே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன் வேண்டும் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இப்போது நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். இடதா, வலதா என்று அந்தக் கடை கேட்டது. என் மனைவி, "போய் வண்டியில உக்காந்து பாத்துச் சொல்லுங்க, தப்பாச் சொல்லிடாதீங்க" என்று வாசலுக்கு அனுப்பினாள். உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தேன். "வலது!" என்று கத்தினேன். அவளும் வலதை அழுத்திவிட்டாள்.

பெட்டி வந்தது. அந்தப் பெட்டியைக் கட்டியிருந்த அழகைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஃபுட்ரெஸ்டின் குழிவான பக்கத்தில், பழைய செய்தித்தாளைக் கசக்கி, முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் தளர்வாகவும் திணித்திருந்தார்கள். ஷூவின் மூக்கு நசுங்காமல் இருக்க நாங்கள் கடையில் திணிப்போமே, அதே மாதிரி! மூடியின் நாக்கை உள்பக்கமாக மடித்துச் சொருகியிருந்தார்கள். அதுவும் எங்கள் கடைச் சொருகல். வேறு எந்தக் கடையிலும் அதை ஒட்டுவார்கள், சொருக மாட்டார்கள். நல்ல புத்தி எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கும்போல என்று மெச்சிக்கொண்டேன்.

பெட்டியோடு மெக்கானிக்கிடம் போனேன். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டப் பார்த்தார். திருப்பினார், கவிழ்த்தார், தலைகீழாகப் பிடித்தார்.

"அண்ணே, இது வலது பக்கத்துது."

"ஆமாம், வலதுதான்."

"உடைஞ்சது இடதுண்ணே."

"யோவ், வண்டியில உக்காந்து பாத்துச் சொன்னேன்யா, வலதுன்னு!"

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்தீங்க? பின்பக்கமாவா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டியை மூடி, அதே சொருகலைச் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உதவி மையத்துக்கு எழுதச் சொன்னேன். மனைவி, "நீங்களே எழுதுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் கோபமாகத்தான் ஆரம்பித்தேன்: "தவறான பக்கத்தை அனுப்பி ஒரு கௌரவமான வியாபாரியை மெக்கானிக் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டீர்கள்." உடனே பதில் வந்தது. கடையில் ஆள் இருந்தும் பதில் சொல்லாத காலத்தில், ஆளே கண்ணுக்குத் தெரியாத கடையில் உடனே பதில்!

"மன்னிச்சுக்குங்க ஐயா. நீங்க கேட்டது வலது. அனுப்பினதும் வலது."

"எனக்கு வேண்டியதும் வலதுதான். ஆனால் இது மாட்ட மாட்டேன் என்கிறது."

"கியர் இருக்கிற பக்கமா ஐயா, பிரேக் இருக்கிற பக்கமா?"

"கியர் இருக்கிற பக்கம்."

"அது இடது ஐயா."

"அது எப்படி இடது ஆகும்?"

 அப்புறம் ஒரு வரி வந்தது. "ஐயா, நீங்க செருப்புக் கடை வச்சிருக்கீங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, சம்பந்தி! நான் என் தொழிலை எங்கேயும் எழுதவில்லை. ஆமாம் என்று போட்டேன். "அதான் ஐயா. வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க காலுக்கு எதிர்ல உக்காந்து ஷூ மாட்டி விட்டிருக்கீங்க. அவங்க இடது கால் உங்க வலது கைப் பக்கம் இருக்கும். அந்தப் பழக்கத்துல உங்களுக்கு இடது வலது மாறிப்போச்சு. இனிமே கியர் பக்கம், பிரேக் பக்கம்னு சொல்லுங்க, போதும்."

போனை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எத்தனை வருஷத்துச் சங்கதி இது! ஆட்டோக்காரருக்கு நான் வலது என்றால் அவர் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கிளம்பியபோது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடது என்று நான் வழி சொல்லி, ஊர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஞாபகமறதி என்று என் மனைவியும், திமிர் என்று என் மச்சானும் சொன்ன ஒன்றை, முகம்கூடப் பார்க்காத ஒரு கடைக்காரன் தொழில் வியாதி என்று கண்டுபிடித்துவிட்டான். உங்கள் டீயைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கவுன்ட்டரில் நம்பர் கேட்டார்கள், இவன் என்னைக் கேட்டான்.

அதோடு விட்டானா? "வேற எதுவும் இப்ப வாங்க வேண்டாம் ஐயா. பின்சக்கர பிரேக் ஷூ மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றான். பிரேக் ஷூ! உங்கள் தொழிலிலும் ஷூ உண்டென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. பழக்கதோஷத்தில், "என்ன சைஸ்?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. பிறகு, "ஜோடியாத்தான் வரும் ஐயா. இதுல இடது வலது கிடையாது, நீங்க தைரியமா வாங்கலாம்" என்று வந்தது. கடைசியாக என்ன கேட்டான் தெரியுமா? "மத்தியானம் பிரஷர் மாத்திரை போட்டீங்களா ஐயா?" போடவில்லை! மறந்திருந்தேன்! இன்டர்நெட்டுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்வது சும்மா இல்லை. எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, "நன்றி தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று எழுதினேன். அடுப்படியில் என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஏதோ பாத்திரம் விழுந்ததற்குச் சிரித்தாளாம்.

இடதை அனுப்புகிறோம், அது வந்ததும் வலதைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த வலதைத்தான், திருப்பிக் கொடுப்பதற்காக அலமாரியில் வைத்திருந்ததைத்தான், நீங்கள் பார்த்தீர்கள். இதுதான் நடந்தது, சம்பந்தி. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் டீலர்ஷிப்பில் நாற்காலி இருக்கிறது, முகம் இருக்கிறது, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிற மனசு இருக்கிறது. அது எந்த போனிலும் வராது. ஆன்லைன்காரனிடம் பொறுமை இருக்கிறது, உண்மை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிற தைரியம் இருக்கிறது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அந்தக் கடையை யாராலும் அசைக்க முடியாது. அந்தப் பையன் யார் என்று எப்படியாவது கண்டுபிடித்து, பெரிய சம்பளம் கொடுத்து உங்கள் கடைக்குத் தூக்கி வந்துவிடுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் நான் செய்வேன். என் கல்லாப்பெட்டியில் உட்கார வைக்கிற மாதிரி ஒருத்தன் அமையவில்லையே என்று எனக்கு எவ்வளவு குறை தெரியுமா?

எங்கள் பெண்ணைச் சொல்லாதீர்கள். தங்கமான பெண், ஆனால் அவளுக்கு வியாபாரம் வராது. கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் கவுன்ட்டரில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு அம்மா ஆசையாக ஒரு ஜோடியை எடுத்தார்கள். இவள், "இது உங்க காலைக் கடிக்கும்மா, வேண்டாம்" என்று சொல்லி வெறும் கையோடு அனுப்பிவிட்டாள். வந்த லட்சுமியை வாசலில் இருந்தே திருப்பி அனுப்புகிறவளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கடை நடத்துவது? பின்னால் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டேன், பெட்டிக்குள் பேப்பர் திணித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பிறகு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்து, "அந்தப் பொண்ணு எங்கே, அவ சொன்னாத்தான் எடுப்போம்" என்று கேட்டது வேறு விஷயம். அது தற்செயல். ஆகவே அவளை உங்கள் ஸ்டோர் ரூமிலேயே வைத்திருங்கள், கவுன்ட்டர் பக்கம் விட்டுவிடாதீர்கள் என்பது தகப்பன் என்ற முறையில் என் வேண்டுகோள்.

முடிவாக ஒன்று. எனக்கு அந்த ஆன்லைன் கடையைவிட நீங்கள் பெரிது. இனிமேல் பெரியவருக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் உங்கள் கவுன்ட்டரில்தான் வந்து நிற்பேன். அந்த ஆன்லைன் கடையின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது சத்தியம். நீங்களும் உங்கள் சபதத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையை ஜிம்மில் ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பெண்ணுக்கு என் ஆசி. உங்கள் கடை மேன்மேலும் வளரட்டும், உங்கள் வண்டிகள் எல்லாம் நல்ல கைகளில் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
கால் நீட்டியபடி காத்திருக்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால் என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "இதை அப்படியே கொடுக்கவா, இல்ல நீங்க கொஞ்சம் அழுதுட்டுக் கொடுக்கறீங்களா?" என்றாள். "ஏன்?" என்றேன். "அந்தத் தம்பி யாருன்னு இன்னுமா தெரியல? பேப்பர் திணிச்ச கை யாரோடதுன்னு தெரியல? பிரஷர் மாத்திரை கேட்டது யாருன்னு தெரியல? உங்க பொண்ணுதாங்க!" என்றாள்.

சம்பந்தி, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா? அந்த ஆன்லைன் கடை உங்கள் மாடி ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத பழைய சரக்கை எல்லாம் உங்கள் மருமகள் படம் எடுத்து விற்கிறாள். காசு முழுக்க உங்கள் கடைக் கணக்குக்குத்தான் வருகிறது. பழைய பாகங்கள் தானாகக் காலியாகவில்லை. மாப்பிள்ளையின் பைக்குள் இருப்பது ஜிம் துணி இல்லை, பார்சல். அதனால்தான் தொப்பை கரையவில்லை. உங்கள் சபதங்களுக்குப் பயந்து இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவிக்கு எல்லாம் தெரியும், சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். தெரியாதது நம் இரண்டு பேருக்குத்தான்.

ஆகவே மேலே சில திருத்தங்கள். "வியாபாரம் வராது" என்று எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள். நான் அடித்தால் கடிதம் அசிங்கமாகும். "தம்பி" என்பதை எல்லாம் "அம்மா" என்று படித்துக்கொள்ளுங்கள். "கவுன்ட்டர் பக்கம் விடாதீர்கள்" என்பதை "கவுன்ட்டரிலேயே வையுங்கள்" என்று படியுங்கள். அவளை என் கடைக்குத் தூக்கிவருவேன் என்று எழுதியதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் அவளைத் திட்டினீர்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே வண்டியோடு வந்து நிற்பேன். அந்தக் கடையில் வாங்க மாட்டேன் என்ற சத்தியத்தையும் வாபஸ் வாங்குகிறேன்.

உங்கள் சபதத்தைப் பற்றி: ஆன்லைன் சரக்கு புழங்குகிற வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு இப்போது மிதிக்க ஒரு படிகூட இல்லை. உங்கள் வீட்டுப் படியும் போச்சு, எங்கள் வீட்டுப் படியும் போச்சு. தெருவில் நின்று சபதத்தைக் காப்பாற்றுவதைவிட, விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவது லாபம். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மாடியில் உங்கள் மருமகள் ஒரு பெட்டி கட்டி வைத்திருப்பாள், அதை மட்டும் கையோடு எடுத்து வாருங்கள். தப்பாக எடுத்துவிடாதீர்கள். கியர் இருக்கிற பக்கம்.